வளசரவாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை: ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவையைப் பற்றி

தொலைபேசியை எடுத்தவர் முகவரியைக் குறித்துக்கொண்ட கையோடு கேட்டது, "அம்மாவுக்கு இப்போ ஆக்சிஜன் ஓடுதுங்களா? எத்தனை லிட்டர்ல வெச்சிருக்கீங்க?" என்பதுதான். அதைத் தொடர்ந்து, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா, அம்மாவின் எடை ஏறக்குறைய எவ்வளவு, மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குமா, போகப்போகும் மருத்துவமனையில் படுக்கை இருப்பதாக உறுதி சொல்லிவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னிரவில் பதறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தக் கேள்விகள் எரிச்சலூட்டலாம். தங்கைக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு, ஒரு கேள்வியும் கேட்காமல் பன்னிரண்டே நிமிடத்தில் வாசலில் வந்து நின்ற வேறொரு வண்டியில் அம்மாவை ஏற்றிச் சென்று, அதனால் என்ன ஆனது என்பதையும் பார்த்திருந்த எனக்கு, அந்தக் கேள்விகளைக் கேட்கக் கேட்க மனத்தில் இருந்த பதற்றம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

கடந்த பதினான்கு மாதங்களில் அம்மாவை நான்கு முறை ஆம்புலன்ஸில் கொண்டுசெல்ல நேர்ந்தது. முதல் முறை வேறொரு நிறுவனத்தின் வண்டி. அடுத்த மூன்று முறையும் இப்போது நான் எழுதும் சேவை. சென்னையின் மேற்குப் பகுதியில் ஆறேழு வண்டிகளை வைத்து நடத்துகிறார்கள்; எந்த மருத்துவமனையோடும் சேராதவர்கள். இரண்டு நிறுவனங்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. முதல் நிறுவனத்தில் நான் பார்த்த குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று என்று நம்புகிறேன்; இரண்டாவது நிறுவனத்தைப் பற்றி எனக்கு மனநிறைவும் உண்டு, தீராத சில மனக்குறைகளும் உண்டு. எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பதைச் சொன்னால், படிப்பவர்கள் தங்கள் பகுதியில் உள்ள சேவையைத் தாங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அதன் விளைவு என்று மருத்துவர் சொன்னார். வீட்டில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் வழியாக நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார். இந்த நோயாளிகளில் பலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கத் தொடங்கும். அதனால் ரத்த ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிறுத்தினால் போதும், 98, 99 என்று ஏற்றக் கூடாது என்பது மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட வழிமுறை. இதை அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருக்க வேண்டியவர் வண்டியில் வந்திருக்க வேண்டும்.

முதல் முறை வந்தது ஒரு மாருதி ஈகோ. ஓட்டுநர் ஒருவர் மட்டுமே வந்தார். எங்கள் வீடு மூன்றாவது மாடி, பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. ஸ்ட்ரெச்சர் படியில் திரும்பாது என்று கண்டதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரை அழைத்து, அம்மாவைப் போர்வையில் கிடத்தி நான்கு மூலையையும் பிடித்து இறக்கினோம். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அம்மா கையை அசைத்துக் காட்டியதை யாரும் பொருட்படுத்தவில்லை, நானும்தான். வண்டியில் ஏற்றியதும் ஓட்டுநர் முகக்கவசத்தை மாட்டி, ஆக்சிஜனை முழு அளவுக்குத் திறந்துவிட்டார். "பாட்டிக்கு நல்லா காத்து வரட்டும்" என்று சொன்னார். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல; அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. வடபழனி சந்திப்பைத் தாண்டுவதற்கே அரை மணி நேரம் ஆனது. கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறும்போது அம்மா கண்ணை மூடியிருந்தார். களைப்பு தீரத் தூங்குகிறார் என்று நினைத்து, தங்கையிடம் தொலைபேசியில் அதையே ஆறுதலாகச் சொன்னேன். மருத்துவமனையில் இறக்கியபோது தட்டியும் எழவில்லை. தமனியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கரியமில வாயு மிக உயர்ந்திருந்தது. முகக்கவசம் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்குத் துணைசெய்யும் பைபாப் கருவியில் இரண்டு நாட்கள் வைத்து மீட்டார்கள். அந்த மயக்கத்தை நான் தூக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்த ஐம்பது நிமிடங்களை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாம் முறை வந்தது ஒரு டிராவலர் வண்டி. ஓட்டுநரோடு மருத்துவ உதவியாளர் ஒருவரும் மேலே ஏறி வந்தார். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. வந்தவுடன் தூக்குவதற்கு அவசரப்படவில்லை. அம்மாவின் கட்டிலருகே முழங்காலிட்டு உட்கார்ந்து, "பாட்டிம்மா, பேச வேண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவருடைய வலது கை ஆள்காட்டி விரலைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சற்று நேரம் தேய்த்தார். விரல் சில்லிட்டிருந்தால், ரத்த ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் தவறான எண்ணைக் காட்டும் என்று பிறகு கேட்டபோது சொன்னார். எண் 84 என்று வந்தது. மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார், இரத்த அழுத்தம் பார்த்தார், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கி, அதில் கரியமில வாயு என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்து எனக்குக் காட்டினார். ஆக்சிஜனைக் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் போகாமல் கலந்து தரும் 28 சதவீத வென்ச்சுரி மாஸ்க்கை மாட்டி, எண் 90 வரும் வரை காத்திருந்தார். அதற்குமேல் ஏற்றவில்லை. "இன்னும் கொஞ்சம் வெக்கலாமே" என்று தங்கை கேட்டபோது, ஏன் கூடாது என்பதை இரண்டே வாக்கியத்தில் எடுத்துச் சொன்னார். மருத்துவமனையில் எங்களுக்கு அதே விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

இறக்குவதற்குச் சக்கரமும் வார்ப்பட்டைகளும் உள்ள ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்திருந்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலேயே அம்மாவை அதில் இருத்தி, மார்பிலும் தொடையிலும் பட்டையைக் கட்டி, கைகளைப் பக்கவாட்டில் நீட்டிப் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துவிடாதபடி மடியில் கோத்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்தச் சிறிய எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டிருந்தால், பயத்தில் அம்மா கம்பியைப் பற்றியிருப்பார், கீழே நிற்பவர் நிலைதடுமாறியிருப்பார். ஒவ்வொரு தளத்திலும் நிறுத்தி விரலில் எண்ணைப் பார்த்தார்கள். கையில் எடுத்துவந்த சிறிய சிலிண்டரின் கழுத்தில், அதைத் திறக்கும் சாவி ஒரு நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அந்தச் சாவி இல்லாமல் அந்த வகைச் சிலிண்டரைத் திறக்கவே முடியாது; வண்டியில் எங்கோ கிடக்கும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் நோயாளிக்குக் கிடைக்காது. ஒரு சேவை எப்படி நடத்தப்படுகிறது என்பதற்கு அந்தக் கயிறு ஒன்றே எனக்குப் போதுமான சான்றாக இருந்தது.

வண்டிக்குள் ஏறியதும் பெரிய சிலிண்டரின் அழுத்தமானியை எனக்குக் காட்டினார்கள். இந்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சிலிண்டரின் கொள்ளளவை முள் காட்டும் அழுத்தத்தால் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை லிட்டர் ஆக்சிஜன் மீதமிருக்கிறது என்பது கிடைக்கும். பி டைப் என்று சொல்லப்படும் பத்து லிட்டர் சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் நிறைந்திருந்தால் 1,500 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம் வரும். முள் 50இல் நின்றால் மீதமிருப்பது 500 லிட்டர், அதாவது ஐம்பது நிமிடம் மட்டுமே. மாலை நேரத்து ஆற்காடு சாலையில் ஐம்பது நிமிடம் என்பது எந்த மூலைக்கும் போதாது. மாற்றுச் சிலிண்டர் ஒன்றும் வண்டியில் இருந்தது. அதன் முள்ளையும் பார்க்கச் சொன்னார்கள். முதல் நிறுவனத்தின் வண்டியில் அழுத்தமானியின் கண்ணாடி உடைந்து, முள் எங்கே நிற்கிறது என்பதே தெரியாதபடி இருந்தது. அப்போது அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

ஓட்டுநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் என்றாலே சைரனும் வேகமும் என்று நாம் பழகியிருக்கிறோம். இவர் சைரனைச் சந்திப்புகளில் மட்டும் பயன்படுத்தினார். மெட்ரோ பணிக்காகச் சாலையில் பதித்திருந்த இரும்புத் தகடுகளின் மீது ஏறும்போதெல்லாம் வேகத்தைத் தளர்த்தி, "பின்னாடி பிடிச்சுக்குங்க" என்று முன்கூட்டியே குரல் கொடுத்தார். நோயாளியின் நிலை சீராக இருப்பதாக உதவியாளர் சொல்லிவிட்டால், விரட்டி ஓட்டி இரண்டு நிமிடம் மிச்சப்படுத்துவதைவிட குலுங்காமல் கொண்டுசேர்ப்பதே சிகிச்சை என்பது அவருடைய எண்ணம். எங்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்து நெரிசலைத் தாண்டிய இரண்டு கார்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவர்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்க 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு இடம் தருகிறது. ஆனால் பெரும்பாலோர் ஒதுங்கத்தான் செய்கிறார்கள். ஒதுங்க இடம்தான் இந்தச் சாலையில் இல்லை.

மருத்துவமனை வாசலில் நடந்ததைத்தான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி என்று கருதுகிறேன். வழியிலேயே அவசர சிகிச்சைப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, வயது, நோய், வீட்டில் பார்த்த எண், இப்போதைய எண், எந்த மாஸ்க், எத்தனை லிட்டர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார் உதவியாளர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவந்த குறிப்புத் தாளை அங்கிருந்த செவிலியரிடம் கொடுத்து, அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஸ்ட்ரெச்சரை விட்டு நகர்ந்தார். அந்தத் தாளின் கார்பன் நகல் எனக்கும் கிடைத்தது. "அதிக ஆக்சிஜன் தவிர்க்கவும், இலக்கு 88–92" என்று மேலே சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டிருந்தார். முதல் முறை, அம்மாவுக்கு வழியில் என்ன கொடுத்தார்கள் என்று பணி மருத்துவர் கேட்டபோது பதில் சொல்ல ஒருவரும் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வண்டி புறப்பட்டுப் போயிருந்தது.

108 இருக்கும்போது தனியார் வண்டி எதற்கு என்று உறவினர் பலர் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் அந்தச் சேவை இலவசமானது. பைலட் எனப்படும் ஓட்டுநரோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் அதில் வருகிறார். மூச்சு திடீரென்று நின்றுபோகும் நிலையிலோ நெஞ்சுவலியிலோ விபத்திலோ நாங்களும் முதலில் அழைப்பது 108ஐத்தான். தொலைபேசிக்கு மேலே அந்த எண்ணைத்தான் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆனால் அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே கொண்டுசேர்ப்பதற்கும், ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கும், டிஸ்சார்ஜ் ஆனபின் ஆக்சிஜனோடு வீட்டுக்கு அழைத்துவருவதற்கும் தனியார் சேவையைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அங்கேதான் தரம் வண்டிக்கு வண்டி மாறுகிறது.

ஏ.ஐ.எஸ். 125 என்னும் வாகனத் தரநிலை ஆம்புலன்ஸ்களை ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரிக்கிறது. நோயாளியை ஏற்றிச்செல்வதற்கு மட்டுமான வண்டி பி. அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது சி. வென்டிலேட்டர், மானிட்டர், இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் ஆகியவற்றோடு வருவது டி. தொலைபேசியில் "ஐசியூ ஆம்புலன்ஸ்" என்று சொல்பவரிடம், இந்த நான்கில் எது என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக் குழப்பம் உள்ளே வருபவர் யார் என்பது. கருவி எத்தனை இருந்தாலும், அதைக் கையாளத் தெரிந்தவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்காவிட்டால் அது வெறும் சுமைதான்.

இந்தச் சேவை எனக்கு ஏமாற்றம் தந்ததும் இந்த விஷயத்தில்தான். மூன்றாம் முறை, அம்மாவைப் பைபாப் கருவியோடு ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வேறொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. டி வகை வண்டியும் உடன் ஒரு மருத்துவரும் வருவார்கள் என்று சொல்லி, மருத்துவருக்கென்று தனியாக 1,500 ரூபாய் கட்டணம் சேர்த்திருந்தார்கள். வண்டி முப்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தது. தாமதமாகும் என்று நான் அழைத்துக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வந்தவரை எல்லோரும் டாக்டர் என்றே அழைத்தார்கள். மருத்துவராகப் பதிவு செய்த எண்ணைக் குறிப்பில் எழுதச் சொல்லி நான் கேட்டபோது, தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர் என்று அவரே நேர்மையாகச் சொன்னார். அவருடைய திறமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பைபாப்பின் பேட்டரி பாதிக்கும் கீழே இருப்பதைப் பார்த்துவிட்டு, மருத்துவமனையின் மின்இணைப்பிலேயே அதை இருபது நிமிடம் ஏற்றி, வண்டியின் இன்வெர்ட்டரில் ஒருமுறை ஓட்டிச் சோதித்த பின்னரே அம்மாவை நகர்த்தச் சம்மதித்தார். அம்மா பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். ஆனாலும் அந்த பேட்டரி புறப்படும்போதே நிறைந்திருக்க வேண்டும். செவிலியரை மருத்துவர் என்று சொல்லி அனுப்பியது தவறு. வழியில் மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் செருக வேண்டிய நிலை வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி அந்தப் பயணம் முழுவதும் என்னோடு வந்தது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இரண்டாம் பயணத்துக்கு 3,500 ரூபாய் ஆனது. முதல் நிறுவனம் வாங்கியது 2,500. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், தமிழ்நாடு அரசு தனியார் ஆம்புலன்ஸ்களுக்கு முதல் பத்து கிலோமீட்டருக்குச் சாதாரண வண்டிக்கு 1,500, அடிப்படை உயிர்காப்பு வண்டிக்கு 2,000, மேம்பட்ட உயிர்காப்பு வண்டிக்கு 4,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த அளவோடு ஒப்பிட்டால் இரண்டு நிறுவனங்களும் கூடுதலாகவே வாங்கியிருக்கின்றன. எனினும் இரண்டாவது நிறுவனம் தொகையை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அதற்கு ரசீதும் கொடுத்தது. காத்திருப்புக் கட்டணம் என்று 600 ரூபாய் சேர்த்ததை மட்டும் முன்பே சொல்லியிருக்கவில்லை.

தூய்மையில் பெரும்பாலும் குறை சொல்ல இடமில்லை. மாஸ்க்கும் குழாயும் உறை பிரிக்காத புதியவை. ஊசி உறைகளைப் போடத் தனிப் பெட்டி இருந்தது. நான்காம் முறை, டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பியபோது, ஸ்ட்ரெச்சர் விரிப்பில் முந்தைய நோயாளியின் தலைமுடி ஒட்டியிருந்தது. சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டு மாற்றினார்கள், மெத்தையையும் கிருமிநாசினியால் துடைத்தார்கள். கேட்காமலே செய்திருக்க வேண்டிய வேலை அது. அதைவிட எனக்கு உறுத்தியது, நோயாளிக்கு எத்தனையோ பட்டைகள் இருந்த அந்த வண்டியில், உடன் வருபவரின் இருக்கையில் இருந்த பெல்ட் கொக்கியில் மாட்டாமல் தொங்கியதுதான். மூன்றாம் முறையும் அதே வண்டி, அதே பெல்ட். திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர் நோயாளியின் மேலேயே விழுவார்.

இவை எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு எழுதி அனுப்பினேன். இரண்டாம் நாள் நிர்வாகி அழைத்து, மருத்துவர் விஷயத்தில் தவறு தங்களுடையது என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த 1,500 ரூபாய் ஒரு வாரத்தில் கணக்கில் திரும்பி வந்தது. இனி உடன் வருபவரின் தகுதியையும் பதிவு எண்ணையும் வண்டி எண்ணோடு சேர்த்து முன்கூட்டியே அனுப்புவோம் என்றார். அதை எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன். பெல்ட்டைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் பதில் கேட்டிருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு அடுத்த முறை தேவைப்பட்டால் இவர்களைத்தான் அழைப்பேன், அந்த இளைஞர் பணியில் இருக்கிறாரா என்றும் கேட்பேன். பதில் வந்ததும் அதை இதன் கீழேயே சேர்க்கிறேன்.